மகள் ஊழியத்துக்குப் போக வேண்டும் என்கிறாள்: எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு இருபது வயது. உயர்தரத்தில் கலைப்பிரிவு செய்தவள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். ஆனால் அவளுக்கு ஊழியத்தில்தான் விருப்பம். நாங்கள் மெதடிஸ்த சபை. 'முதலில் கையில் ஒரு டிகிரி இருக்கட்டும்' என்கிறார் தகப்பன். இதற்கிடையில் அமெரிக்காவில் உள்ள ஒரு யூனிவர்சிற்றி ஒன்லைனில் ஒரே வருடத்தில் ஊழியப் பட்டம் தருகிறதாம். பிரசுரத்தில் 'முழு அங்கீகாரம் பெற்றது' என்று போட்டிருக்கிறார்கள். எதை எடுப்பது? இலங்கையில் இதை ஏற்றுக்கொள்வார்களா?"

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். 'ஏற்பார்களா' என்றால் யார் ஏற்பது? இதில் இரண்டு தரப்பு உண்டு. மகளைப் போதகராக அபிஷேகம் செய்வது திருச்சபை. நாளைக்கு அவள் பாடசாலையிலோ அரச அலுவலகத்திலோ வேலைக்கு விண்ணப்பித்தால் பட்டத்தைப் பார்ப்பது அரசாங்கம். ஒரு தரப்பு தலையாட்டிவிட்டது என்பதற்காக மற்றதும் தலையாட்டும் என்றில்லை. உங்கள் வீட்டுச் சண்டையின் வேரும் இதுதான். மகள் திருச்சபையை நினைத்துப் பேசுகிறாள், தகப்பன் அரசாங்கத்தை நினைத்துப் பேசுகிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஊழியத்துக்கு வர நினைக்கும் பிள்ளைகள் பலர் நேரே கல்லூரி தேடத் தொடங்கிவிடுகிறார்கள். மெதடிஸ்த திருச்சபையிலோ அங்கிலிக்கன் திருச்சபையிலோ அது தலைகீழான வழி. உங்கள் சபைப் போதகரிடம் பேசுவதுதான் முதல் படி. அப்புறம் பிரசங்கப் பயிற்சி, சேகரத்தின் (பக்கத்துச் சபைகள் சேர்ந்த தொகுதி) சிபாரிசு, நேர்முகம் என்று வரிசையாக வரும். ஏற்றுக்கொண்டால் எங்கே படிக்க அனுப்புவது என்பதைத் திருச்சபையே சொல்லும். படித்து முடித்த பிறகும் ஒரு தகுதிகாண் காலம் இருக்கிறது, அபிஷேகம் அதற்குப் பிறகுதான். தானாகவே ஒரு பட்டத்தைப் படித்துக்கொண்டு வந்து நீட்டுகிறவர்களுக்கு, 'நல்லது, ஆனால் எங்கள் பயிற்சியையும் முடித்துவிட்டு வாருங்கள்' என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். பெண் பிள்ளை என்று தயங்க வேண்டாம். இந்த இரண்டு திருச்சபைகளிலும் பெண்கள் குருத்துவ அபிஷேகம் பெறுகிறார்கள்.

அப்படி அனுப்பும் இடம் பெரும்பாலும் பிலிமத்தலாவையில் உள்ள இலங்கை இறையியல் கல்லூரியாக இருக்கும். கொழும்பிலிருந்து கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றம் தாண்டி, பித்தளைச் சாமான் கடைகள் வரிசையாகத் தெரிந்தால் பிலிமத்தலாவை வந்துவிட்டது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்த, பிரெஸ்பிற்றேரியன் சபைகள் சேர்ந்து 1963இல் தொடங்கிய கல்லூரி அது. தமிழ், சிங்கள மாணவர்கள் ஒரே வளாகத்தில் தங்கி, அவரவர் மொழியில் படிக்கிறார்கள். இந்த நாட்டில் ஊழியம் செய்யப் போகிறவருக்கு அந்தச் சகவாசமே பாதிப் பயிற்சி என்பது என் அபிப்பிராயம்.

பட்டத்தைத் தருவது இந்தியாவில் உள்ள செராம்பூர் கல்லூரியின் செனற், அதாவது அதன் கல்வி ஆட்சிக் குழு. வில்லியம் கேரியும் நண்பர்களும் 1818இல் வங்காளத்தில் நிறுவிய கல்லூரி அது. செராம்பூர் அப்போது டென்மார்க்கின் கையில் இருந்த ஊர். அதனால் 1827இல் பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்தவர் டென்மார்க் அரசர். இன்று தெற்காசியாவில் பல இறையியல் கல்லூரிகள் அந்த செனற்றின் கீழ்தான் பி.டி., அதாவது இறையியல் இளமாணி, பட்டம் கொடுக்கின்றன. பி.டி. பொதுவாக நான்கைந்து வருடப் படிப்பு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, சபை வரலாறு, இறையியல், பிரசங்கக் கலை, ஆலோசனைப் பணி, பிற சமயங்கள் எல்லாம் வரும். எபிரேயம், கிரேக்கம் என்றதும் பிள்ளைகள் பயப்படுவார்கள். உண்மையில் அதிகம் பேரை வாட்டுவது வார இறுதிக் களப்பணிதான். வெள்ளி வரை வகுப்பு, சனி ஞாயிறு ஏதாவது ஒரு சபையில் வேலை, திங்கள் காலையில் கட்டுரை கொடுக்க வேண்டும். மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முகம் வாடாவிட்டால் நல்ல அறிகுறி.

கொழும்பிலேயே இருந்து படிக்க விரும்புகிறவர்களுக்கு 1994இல் தொடங்கிய கொழும்பு இறையியல் செமினரி இருக்கிறது. மும்மொழியிலும் பாடநெறி நடத்துகிறார்கள். வேலை செய்துகொண்டே படிக்கிறவர்கள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். சுவிசேஷ சபைகளில் ஊழியம் செய்கிறவர்களுக்கும் சபையில் பொறுப்பெடுக்கும் சாதாரண விசுவாசிகளுக்கும் நல்ல இடம். ஆனால் உங்கள் மகள் மெதடிஸ்த போதகராக விரும்பினால், அங்கே சேர முன் திருச்சபையைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போக யோசித்தால் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழில் இறையியல் கற்பிப்பதில் பெயர் பெற்றது. அதுவும் செராம்பூரோடு சேர்ந்ததுதான். கத்தோலிக்கர்களின் பாதை முற்றிலும் வேறு. மறைமாவட்டம் தெரிவு செய்து, அம்பிட்டியவில் உள்ள தேசிய குருமடத்துக்கோ யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடத்துக்கோ அனுப்பும்.

சரி, அந்த அமெரிக்கப் பிரசுரம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் 'அங்கீகாரம் பெற்றது'. எந்த அமைப்பு அங்கீகரித்தது என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு பெயர். அமெரிக்காவில் அங்கீகாரம் கொடுக்கும் அமைப்புகளையே ஏற்று அங்கீகரிக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று அந்நாட்டுக் கல்வித் திணைக்களம், மற்றது உயர்கல்வி அங்கீகாரச் சபை. இரண்டின் பட்டியலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரசுரத்தில் உள்ள பெயர் இரண்டிலும் இல்லை. இறையியல் பட்டங்களைப் பொறுத்தவரை அங்கே கவனிக்க வேண்டியது இறையியல் பாடசாலைகளின் சங்கம், அதாவது ஏ.ரி.எஸ். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். புளோரிடா போன்ற சில மாநிலங்களில் சமய நிறுவனங்கள் சமயப் பட்டம் கொடுக்க அரசின் அனுமதிப்பத்திரம் எடுக்கத் தேவையில்லை. ஆகவே 'சட்டப்படி இயங்குகிறோம்' என்று அவர்கள் சொல்வது பொய்யாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் அதனால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. ஒரு வருடத்தில் இளமாணிப் பட்டம் என்பதே போதுமான எச்சரிக்கை. இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டத்தில், குறைந்தது 90 கிரெடிற்றோடு நிற்கிறது. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிற். டொலரில் கட்டணம் கேட்டிருக்கிறார்களே, அந்தக் காசை வங்கியிலேயே விட்டுவையுங்கள்.

ஆசிய இறையியல் சங்கம், ஏ.ரி.ஏ., என்ற பெயரையும் நம் ஊர்ச் செமினரிப் பிரசுரங்களில் காண்பீர்கள். அது மதிப்புள்ள அமைப்பு. அதன் அங்கீகாரம் இருந்தால் வேறு செமினரிகளில் மேற்படிப்புக்குச் சேர்வது சுலபம். ஆனால் அது நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்துக்குச் சமமாகாது. தகப்பனின் கவலைக்கு விடை சொல்ல வேண்டியது அந்த ஆணைக்குழுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் அந்த நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டதா என்பதை மட்டும் சொல்வார்கள். அந்தப் பட்டம் இந்த வேலைக்குச் செல்லுமா என்பதை வேலை கொடுக்கும் நிறுவனமே தீர்மானிக்கும்.

இனி என் தீர்ப்பைக் கேட்டால்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழக இடத்தை விடாதீர்கள். அங்கே கிறிஸ்தவ நாகரிகத்தையே ஒரு பாடமாகப் படிக்கலாம். அரச பல்கலைக்கழகம், கட்டணம் இல்லை, பட்டத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இறையியலுக்கு அதனால் நட்டமும் இல்லை. எம்.டிவ். (இறையியல் முதுமாணி) என்ற மூன்று வருடப் படிப்பே ஏற்கெனவே ஒரு பட்டம் உள்ளவர்களுக்காக அமைந்ததுதான். இறையியலை முதலில் முடித்துவிட்டு இருபத்தாறு வயதில் அரச பல்கலைக்கழக இடம் தேடுவது நடக்காத காரியம். அதோடு கொட்டாஞ்சேனைப் பிள்ளை நாலு வருடம் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து பழகுவது, பிறகு வன்னியிலோ மட்டக்களப்பிலோ ஒரு சேகரத்துக்கு அனுப்பினால் கைகொடுக்கும்.

மகள் இதைத் தட்டிக்கழிப்பதாக நினைக்கக்கூடும். பட்டம் வந்த பிறகு ஊழியம் மறந்துபோகும் என்ற பயம் புதிதல்ல. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியபோது ஊழியர்களும் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவர்களில் பலர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள், 1855இல் செமினரியே மூடப்பட்டது. (பழைய தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான், அந்த வகையில் தமிழுக்கு நட்டமில்லை.) ஆகவே அவளுடைய பயத்தைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். யாழ்ப்பாணத்திலும் சபையோடு ஒட்டி இருக்கட்டும். படிக்கும் காலத்திலேயே பிரசங்கப் பயிற்சியைத் தொடங்க முடியுமா என்று போதகரிடம் கேளுங்கள். முடியுமானால் பட்டம் கிடைக்கும் நேரத்தில் விண்ணப்பமும் தயாராக இருக்கும்.

பல்கலைக்கழகப் பதிவுக்கான கடைசித் தேதி எப்போது என்று இன்றே பாருங்கள், அதைத் தவறவிட்டால் மேலே சொன்னது எதுவும் உதவாது. போதகரைச் சந்திக்கும்போது மகளும் தகப்பனும் சேர்ந்தே போகட்டும். அவரிடம் மூன்றைக் கேளுங்கள்: பட்டதாரியாக வந்தால் பயிற்சிக் காலம் குறையுமா, எங்கே அனுப்புவார்கள், செலவு யாருடையது. பிலிமத்தலாவைப் பட்டத்தின் நிலையைத் தகப்பன் உறுதிப்படுத்த விரும்பினால், கொழும்பு 7, வார்ட் பிளேசில் உள்ள மானியங்கள் ஆணைக்குழுவுக்குக் கடிதம் எழுதட்டும். தொலைபேசியில் கேட்டுவிட்டு விடவேண்டாம், எழுத்தில் வரும் பதிலையே கோப்பில் போட்டு வையுங்கள்.