தரை அமுங்கும் பழைய ஃபைபர் படகை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி: மிச்சிகனில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் 1974இல் கட்டிய 16 அடி ஃபைபர் கிளாஸ் மோட்டார் படகை டிரெய்லரோடு சும்மாவே தருகிறேன் என்கிறார். தரை கொஞ்சம் அமுங்குகிறது. மற்றபடி நன்றாகத் தெரிகிறது. எனக்கு மரவேலை ஓரளவு வரும். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? எவ்வளவு செலவு, எவ்வளவு நாள் ஆகும்?

பதில்:

முடியும். மின்னசோட்டாவில் என் வீட்டு கராஜில் 1968இல் கட்டிய 15 அடி படகு ஒன்றை இரண்டு கோடைக்காலம் வைத்து வேலை பார்த்து ஏரியில் இறக்கினேன். இப்போது மூன்றாவது வருடமாக ஓடுகிறது. ஆனால் "தரை கொஞ்சம் அமுங்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் "கொஞ்சம்" என்பதை நம்பி மட்டும் படகை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். தரை அமுங்கும்போது அதற்குக் கீழே வேறு எதெல்லாம் போயிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஃபைபர் படகு என்று பேர்தான். அந்தக் காலத்துப் படகுகள் பெரும்பாலானவற்றில் எலும்பு மரம்தான். வெளி ஓடு கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் (திரவமாகப் பூசினால் இறுகிக் கெட்டியாகும் பிசின்). அதற்குள்ளே அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை நீளவாட்டில் இரண்டு மூன்று கட்டைகள் ஓடும், இங்கே ஸ்ட்ரிங்கர் என்பார்கள். அதன் மேல் பிளைவுட் தரை. கடைசியில் எஞ்சின் மாட்டும் பின்பலகை, அதாவது டிரான்சம். அதுவும் பிளைவுட்தான். இத்தனை மரத்தையும் மெல்லிய கண்ணாடி இழையால் போர்த்தி மூடியிருப்பார்கள். ஓடு மக்காது. மரம் மக்கும். யாரோ ஒருவர் ஏணி மாட்டவோ இருக்கை மாட்டவோ ஒரு ஸ்க்ரூ அடித்து, துளைக்குள் சீலன்ட் வைக்காமல் விட்டிருப்பார். அந்த வழியாக மழைத்தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. இருட்டு, ஈரம், மரம் மூன்றும் சேர்ந்து முப்பது நாற்பது வருடம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு விதிவிலக்கு உண்டு. 1958 முதல் வந்த பாஸ்டன் வேலர் என்ற கம்பெனியின் படகுகளில் இரண்டு ஓடுகளுக்கு நடுவே நுரையை நிரப்பியிருப்பார்கள், இந்த மாதிரி ஸ்ட்ரிங்கர் கட்டை இருக்காது. அந்தக் கம்பெனியை ஆரம்பித்த டிக் ஃபிஷர் படகில் உட்கார்ந்திருக்க, படகை நடுவில் ரம்பத்தால் அறுத்து, அறுத்த பிறகும் அது மிதப்பதைக் காட்டிய படங்கள் 1961இல் லைஃப் பத்திரிகையில் வந்தன. உங்களுடையது அந்த வகை என்றால் நான் சொல்லும் முறை அப்படியே பொருந்தாது. நுரைக்குள் புகுந்த ஈரத்தை எடுப்பது தனிக்கதை.

சரி, எப்படிப் பார்ப்பது? ஒரு சின்ன சுத்தியல் போதும், பிளாஸ்டிக் தலை இருந்தால் நல்லது. டிரான்சம் முழுக்க இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் "டக் டக்" என்று கணீரென்று கேட்கும். மக்கிய இடத்தில் "தொப்" என்று அடங்கிவிடும். பத்து நிமிடத்தில் காது பழகிவிடும். கெட்ட இடத்தை மார்க்கரால் வட்டம் போட்டு வையுங்கள். அப்புறம் எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். டிரான்சம் அதோடு சேர்ந்து அசைந்தால் மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை, மரம் போய்விட்டது.

என் படகில் சுத்தியல் "தொப்" என்று சொன்ன இடத்தில், உள்பக்கமாக, கால் அங்குல ட்ரில்லால் ஒரு துளை போட்டேன். உள்பக்கம் என்பது முக்கியம், வெளி ஓட்டைத் தொடக் கூடாது. மரம் நல்லதாக இருந்தால் வெளிர்மஞ்சள் தூள் சுருள் சுருளாக வரும். எனக்கு வந்தது கறுப்பாக, ஊறவைத்த புண்ணாக்கு மாதிரி. ட்ரில்லை எடுத்ததும் துளை வழியாகக் கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கிண்ணம் நிரம்பித் தரையில் ஓடியிருந்தது. அந்தப் படகு அதற்கு முந்தைய எட்டு மாதமாகக் கூரைக்கடியில்தான் நின்றது.

அப்போது எனக்கு ஒரு சபலம் வந்தது. தண்ணீர் மாதிரி மெல்லிய எபாக்ஸியை (இன்னொரு வகை ரெசின், பசையாகவும் பயன்படும்) துளைகள் வழியாக ஊற்றி மக்கிய மரத்தை இறுக வைக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் வேலை, நூறு டாலர் செலவு. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் என் தாய்மாமா ஃபைபர் போட் பழுதுபார்க்கும் வேலை செய்கிறார். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் நிறைய வந்து இறங்கியபோது கற்றுக்கொண்ட தொழில். அவரிடம் வீடியோவில் காட்டிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாப்ள, ஈரத்து மேல மேட்டு போட்டா ஒட்டாது. ஒட்டுன மாதிரி தெரியும், ஒரு சீசன்ல உரிஞ்சு கையோட வந்துரும். நல்ல எடம் வர்ற வரைக்கும் வெட்டு" என்றார். மேட்டு என்று அவர் சொன்னது மேட், அதாவது ரெசினில் நனைத்து ஒட்டும் கண்ணாடி இழை விரிப்பு. வெட்டினேன். டிரான்சத்தோடு நிற்கவில்லை. இரண்டு ஸ்ட்ரிங்கர்களும் பின்பாதி முழுக்க மண்ணாகியிருந்தன. மாமா சொன்னதைக் கேட்காமல் எபாக்ஸியை ஊற்றியிருந்தால், 40 குதிரைத்திறன் எஞ்சினை அந்த மண்ணின் மேல் மாட்டி, என் மகளை உட்காரவைத்து ஏரிக்குள் போயிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஓட்டின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த உள் மரங்கள்தான். அவற்றை எடுத்தால் ஓடு தொய்யும். தொய்ந்த நிலையில் புது மரத்தை ஒட்டினால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும், படகு நேராக ஓடாது. ஆகவே அடிப்பாகத்துக்குப் பல இடங்களில் முட்டுக் கொடுத்து, லெவல் பார்த்து, இரண்டு பக்கச் சுவர்களுக்கும் நடுவே குறுக்குக் கட்டைகளை ஸ்க்ரூ போட்டு நிறுத்திய பிறகே ரம்பத்தை எடுங்கள். ஸ்ட்ரிங்கர்களையும் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்காமல், ஒன்றை எடுத்துப் புதிது வைத்த பின் அடுத்ததுக்குப் போங்கள். பழைய துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள், அவைதான் உங்கள் அளவு அட்டை.

அரைக்கும் வேலை இருக்கிறதே, இந்த மொத்த வேலையிலும் கொடுமையானது அதுதான். கண்ணாடித் தூள் சட்டைக்குள், கழுத்து மடிப்பில், கண்ணிமையில் எல்லாம் போய் உட்காரும். உடம்பு முழுக்க மூடும் உடையும், தூசுக்கும் ரெசின் வாசனைக்கும் சேர்த்தே வடிகட்டி உள்ள மாஸ்க்கும் வாங்குங்கள். துணி மாஸ்க் எதற்கும் ஆகாது. சின்னக் குழந்தை இருந்தால் அந்த உடையோடு வீட்டுக்குள் நுழையாதீர்கள்.

அடுத்தது ரெசின். பாலியெஸ்டரா, எபாக்ஸியா? பாலியெஸ்டர் மலிவு, புதுப் படகு கட்ட நல்லது. ஆனால் நாம் செய்வது காய்ந்து ஐம்பது வருடம் ஆன ஓட்டின் மேல் ஒட்டும் வேலை. அந்தப் பிடிப்பு எபாக்ஸிக்குத்தான் அதிகம், மரத்தையும் அது நன்றாகப் பிடிக்கும். நான் எபாக்ஸிதான் வாங்கினேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். இரண்டு விஷயம் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண மேட்டில் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எபாக்ஸியில் அது கரையாது, மேட் விறைப்பாகவே நின்று மூலைகளில் படியாது. அதனால் பையாக்சியல் துணி, அதாவது இரண்டு திசையில் ஓடும் இழைகளைப் பசை இல்லாமல் தைத்துச் சேர்த்த துணி வாங்குங்கள். இன்னொன்று, எபாக்ஸி இறுகியதும் மேலே வழுவழுவென்று ஒரு படலம் வரலாம். அடுத்த அடுக்கோ பெயின்ட்டோ போடுவதற்கு முன் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். பாலியெஸ்டர்தான் என்று முடிவு செய்தால், அதை இறுக வைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட்டை மிகுந்த மரியாதையோடு கையாளுங்கள். ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். அதை அசிட்டோனோடு ஒருபோதும் கலக்காதீர்கள், வெடிக்கும்.

டிரான்சத்துக்கு முக்கால் அங்குல மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டி ஒன்றரை அங்குலமாக்கினேன். வெளி ஓட்டை அப்படியே வைத்துக்கொண்டு உள்பக்கமாகப் பொருத்தினேன். இறுக்கிப் பிடிக்க எங்கும் கிளாம்ப் எட்டவில்லை. எஞ்சினின் பழைய நான்கு போல்ட் துளைகள் கைகொடுத்தன. அவற்றின் வழியாக நீளப் போல்ட்களைச் செருகி, இரண்டு பக்கமும் கட்டை வைத்து, ஓரங்களில் பசை வரிசையாகப் பிதுங்கி வரும்வரை நட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கினேன். மறுநாள் மரத்தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியை மூலைகளில் பூசி, சாப்பாட்டுக் கரண்டியின் முதுகால் இழுத்து வளைவாக்கினேன். செங்குத்தான மூலையில் கண்ணாடித் துணி மடங்காது, பின்னால் காற்று நின்றுவிடும். அதற்குத்தான் இந்த வளைவு. பிறகு துணியை மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக. பழைய ஓட்டோடு சேரும் ஓரத்தைப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் அரைக்க வேண்டும், அதாவது கால் அங்குல கனத்துக்கு மூன்று அங்குலச் சரிவு.

இதன் நடுவில் ஒரு தவறு செய்தேன். ஆகஸ்ட் வெயிலில், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு லிட்டருக்கு மேல் எபாக்ஸியை ஒரே கப்பில் கலந்தேன். ஆழமான கப்பில் சூடு வெளியேற முடியாது. சூடு ஏற ஏற இன்னும் வேகமாக இறுகும், இறுக இறுக இன்னும் சுடும். ஏழெட்டு நிமிடத்தில் கப் கையைச் சுட்டது, புகை வந்தது. தூக்கிக்கொண்டு ஓடி வெளியே சரளைக்கல் மேல் வைத்தேன். கராஜுக்குள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அதன் பிறகு ஒரு தடவைக்குக் கால் லிட்டர்தான், கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுவேன். குளிரிலோ எதிர்ப்பக்கம், ரெசின் சரியாக இறுகாது. உங்கள் ஊரிலும் குளிர் எங்கள் மாதிரிதான், அதனால் மே முதல் செப்டம்பர் வரைதான் ரெசின் வேலைக்கு நாள் என்று கணக்கு வையுங்கள்.

தரைக்கடியில் இருக்கும் மிதவை நுரையையும் தோண்டிப் பாருங்கள். புது நுரை ஒரு கன அடிக்கு இரண்டு பவுண்டுதான் இருக்கும். தண்ணீரோ கன அடிக்கு 62 பவுண்டு. ஊறிய நுரையை வைத்துக்கொண்டு படகு ஏன் மந்தமாக ஓடுகிறது என்று எஞ்சினைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. ஈர நுரையை எடுத்தால் அதே அளவு புது நுரையை ஊற்றுங்கள். படகு கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள மிதக்கும் பொருள் அதுதான்.

எஞ்சினைப் பற்றி நிறைய எழுத மாட்டேன், டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அவ்வளவு பெரிய புதிர் இல்லை. சிலிண்டர்களின் கம்ப்ரெஷன் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா, கீழ்ப்பெட்டி கியர் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை (உள்ளே சுழலும் சக்கரம்) யோசிக்காமல் புதிதாக மாற்றுங்கள். தண்ணீர் கொடுக்காமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். எத்தனால் கலக்காத பெட்ரோல் போட்டால் பழைய ரப்பர் குழாய்கள் பிழைக்கும்.

செலவு கேட்டீர்கள். எபாக்ஸி, துணி, பிளைவுட், நுரை, பெயின்ட், எஞ்சின் சாமான் எல்லாம் சேர்ந்து எனக்கு 2,600 டாலர் ஆனது. படகு, டிரெய்லர் இரண்டுக்கும் கொடுத்தது 500. நேரம் 310 மணிக்குப் பிறகு எழுதி வைப்பதை நிறுத்திவிட்டேன். விற்றால் போட்ட காசு வராது. பொருளாக மட்டும் பார்த்தால் ஓடுகிற நிலையில் உள்ள படகை வாங்குவதே லாபம். எனக்கு அந்த ஓட்டின் வளைவு பிடித்திருந்தது, அந்த வளைவில் இன்று யாரும் கட்டுவதில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு பிடிப்பு இருந்தால் இறங்குங்கள்.

வாங்குவதற்கு முன் பெரியவரிடம் படகுக்கும் டிரெய்லருக்கும் தனித்தனியாகக் காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்களுடையது 1974 என்பதால் டிரான்சத்தின் வலப்பக்க மேல் மூலையில் பன்னிரண்டு எழுத்து கொண்ட அடையாள எண் இருக்க வேண்டும், 1972 நவம்பருக்குப் பின் கட்டிய படகுகளுக்கு அது கட்டாயம். காகிதத்தில் உள்ள எண்ணும் அதுவும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பிறகு அவர் அனுமதியோடு சுத்தியலால் தட்டுங்கள். தரை மட்டும் போயிருந்தால் ஒரு கோடை. ஸ்ட்ரிங்கரும் சேர்ந்து போயிருந்தால் இரண்டு கோடை. டிரான்சமும் போயிருந்தாலும் செய்யலாம், மூலையில் கரண்டி முதுகால் இழுக்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வெளி ஓட்டிலேயே நீள விரிசல் இருந்தால், அல்லது அடிப்பாகம் உள்வாங்கியிருந்தால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

தட்டிப் பார்த்ததும் எந்தெந்த இடம் "தொப்" என்றது என்று இங்கேயே எழுதுங்கள், எங்கே வெட்டத் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.