பேச்சு தடுமாறினால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: 70 வயதாகும் என் அப்பாவுக்கு அடுத்த மாதம் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. சில வருடங்களுக்கு முன் என் பெரியப்பா சாதாரண அறுவைக்கு என்று நடந்து போனவர், மருத்துவமனையிலேயே கிருமி தொற்றி இறந்துவிட்டார். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் பற்றி இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. வீட்டில் மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை இப்போதே கொடுக்க ஆரம்பிக்கலாமா? சொந்தப் படுக்கை விரிப்பு, கையுறை எல்லாம் எடுத்துப் போகலாமா? முழங்கால் முடியை வீட்டிலேயே மழித்துவிடலாமா?

பதில்: அந்த மாத்திரையில் ஒன்றுகூட அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். நல்லெண்ணத்தில் செய்த இந்த வேலையால் வயிற்றுப்போக்கில் துவண்டு, அறுவையே தள்ளிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நம் தோலிலும் குடலிலும் எத்தனையோ பாக்டீரியாக்கள் சாதுவாகக் குடியிருக்கின்றன. தேவையில்லாமல் விழுங்கும் ஆன்டிபயாடிக், அவற்றில் மருந்துக்குப் பணிகிறவற்றைக் கொன்று, பணியாதவற்றுக்கு இடம் காலி செய்து கொடுக்கும். எந்தக் கிருமியை நினைத்து நீங்கள் தூங்காமல் இருக்கிறீர்களோ, அதையே வீட்டில் வளர்த்துக் கூட்டிப் போவதாகிவிடும்.

தடுப்புக்கான ஆன்டிபயாடிக்கை அறுவை செய்யும் குழுவே போடும். பெரும்பாலும் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள், ரத்தக்குழாய் வழியாக. தோலைத் திறக்கும் நேரத்தில் ரத்தத்தில் மருந்து போதிய அளவில் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. காயத்தைத் தைத்து மூடியபின் அதை நீட்டிக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். "இன்னும் நாலு நாள் போடுங்களேன்" என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

மழிக்க வேண்டாம். பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். கிருமி குடியேற அது போதும். முடி இடைஞ்சலாக இருந்தால் அங்கேயே கிளிப்பரால் எடுத்துவிடுவார்கள். அறுவைக்கு முந்தைய நாளும் அன்றும் சோப்புப் போட்டுக் குளித்தால் போதும். படுக்கை விரிப்பு உங்கள் இஷ்டம், அதில் பெரிய லாபமில்லை. கையுறை மாட்டிய பார்வையாளர் கதவு, கட்டில், செல்போன் என்று எல்லாவற்றையும் தொட்ட அதே கையுறையோடு நோயாளியையும் தொடுவார். வெறுங்கையைக் கழுவுவதே மேல்: சானிடைசர் என்றால் 20 முதல் 30 வினாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி. வார்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்தால் சோப்புதான். அதை உண்டாக்கும் ஒரு கிருமியின் வித்துகள் சானிடைசருக்குச் சாகாது. அப்பாவைத் தொடவரும் டாக்டரிடமும் நர்சிடமும் "கை கழுவிட்டீங்களா?" என்று கேளுங்கள். என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவசரத்தில் நான் மறந்திருந்த நாளும் உண்டு, அன்று அந்தக் கேள்வி உதவியது.

இப்போது பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் முழுக்க அவர்தான் இருக்கிறார். 100 உள்நோயாளிகளில் வசதியான நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் மருத்துவமனையில் ஏதாவதொரு தொற்று வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 கணக்கு. சின்ன எண்ணிக்கை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலானோர் தொற்றில்லாமல் வீடு திரும்புகிறார்கள், வருகிற தொற்றிலும் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. கிருமி உள்ளே போகும் முக்கியமான வாசல்கள், நாங்கள் உடம்பில் போட்டுவைக்கும் குழாய்கள்: கையில் ட்ரிப்ஸ் ஊசி, சிறுநீர்க் குழாய். குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து ஏறுகிறது. தினமும் ரவுண்ட்ஸில் கேளுங்கள்: "இது இன்றைக்கும் தேவையா?" நோயாளி தேறிய பிறகும், எடுக்க மறந்துபோன குழாய்கள் வார்டுகளில் சகஜம். ஊசி போட்ட இடம் சிவந்தாலோ வலித்தாலோ, பிளாஸ்திரி நனைந்து பிரிந்தாலோ உடனே காட்டுங்கள். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது.

நீங்கள் மறக்கக்கூடாத அபாய அறிகுறி ஒன்று. அறுவைக்குப் பிறகு என்றைக்காவது அப்பாவின் பேச்சு திடீரென்று தடுமாறினால், இருக்கும் இடம் தெரியாமல் உளறினால், கூப்பிட்டால் சரியாக விழிக்காமல் சொக்கிக் கிடந்தால், அது செப்சிஸின், அதாவது தொற்றை எதிர்க்கும் வேகத்தில் உடம்பே தன் உறுப்புகளைக் கெடுத்துக்கொள்ளும் நிலையின், தொடக்கமாக இருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் அது வரும். தெர்மாமீட்டரைப் பார்த்து நிம்மதியடைந்து ஏமாறுவது இங்கேதான். "வயசாச்சு, புது இடம், மயக்க மருந்தோட வேலை" என்று குடும்பம் சமாதானம் சொல்லிக்கொள்ளும். மயக்க மருந்தாலும் வலி மருந்தாலும் குழப்பம் வரத்தான் செய்யும், ஆனால் அதை முடிவு செய்யவேண்டியது பரிசோதித்த டாக்டர். மார்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 22 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, உடல் தூக்கிப்போடும் குளிர் நடுக்கம் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ சந்தேகம் வலுக்கிறது. எண்ணத் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, குழப்பம் ஒன்றே போதும்.

அப்போது இரவு 2 மணியானாலும் நர்சைக் கூப்பிடுங்கள். "அப்பா வழக்கம்போல் இல்லை. செப்சிஸாக இருக்குமா என்று டியூட்டி டாக்டர் வந்து பார்க்கவேண்டும்." இப்படியே சொல்லுங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. ரத்த அழுத்தமும் சரிந்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் உள்ளே போகவேண்டும். அப்பாவின் வழக்கமான பேச்சு டியூட்டி டாக்டருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அதனால் துணைக்கு இருப்பவர் அவரோடு நன்றாகப் பழகியவராக இருக்கட்டும். சளி, இருமல், வயிற்றுப்போக்கு உள்ள உறவினர்கள் எவ்வளவு பிரியமானவர்களானாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

இந்த ஒரு மாதத்தில் உங்களுக்கு வேலை இருக்கிறது. அப்பா புகைப்பவரானால் இன்றே நிறுத்தட்டும், குறைந்தது 4 வாரம் வேண்டும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வரட்டும். கால்விரல் இடுக்கில் புண், பல்லில் சீழ், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போகும், போகட்டும்.

வீட்டுக்கு வந்தபின் காயம் கசிந்தாலோ, வலி குறைந்து மறுபடி கூடினாலோ கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பரிசோதனையில் கிருமி சிக்காமல் போய்விடும், செயற்கை மூட்டில் அது ஒளிந்திருக்கும். அன்றைக்கே அறுவை செய்த டாக்டரிடம் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, இரவிலும் எடுத்துப் பேசுகிற ஒரு தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.