ரேட்டிங் கம்மியான மிடில் ஸ்கூல்ல பொண்ணைச் சேக்கலாமா?

கேள்வி: டெக்சாஸ்ல வீடு பாத்திருக்கோம். அந்த ஏரியா பப்ளிக் மிடில் ஸ்கூலுக்கு ஒரு வெப்சைட்ல பத்துக்கு அஞ்சுதான் போட்டிருக்கு, வசதி கம்மியான குடும்பத்து பசங்க பாதிக்கு மேலயாம். பொண்ணு ஆறாவது போகணும், கணக்கு நல்லா போடுவா. வேற ஏரியா பாக்கணுமா?

பதில்: அந்த ஒத்தை நம்பரை வச்சு வீட்டை விட்டுடாதீங்க. மொத்த பாஸ் சதவீதம் பெரும்பாலும் உள்ள வர்ற பசங்களோட வீட்டு நிலைமையைத்தான் காட்டும், ஸ்கூல் என்ன சொல்லிக் குடுக்குதுங்கறது அதுல பாதிகூட தெரியாது. வசதி கம்மின்னு எழுதறதும் பெடரல் வறுமைக் கோட்டுல 185 சதவீதம் வரைக்கும் வருமானம் இருக்கற, அதாவது இலவச இல்ல குறைஞ்ச விலை லஞ்ச்சுக்குத் தகுதியான குடும்பங்களைச் சேத்துதான், வேலைக்குப் போற நிறைய பேரு அதுக்குள்ள வந்துடுவாங்க.

டெக்சாஸ் கல்வித்துறை ஒவ்வொரு ஸ்கூலுக்கும் வருஷா வருஷம் டிஏபிஆர் (TAPR)னு ஒரு ரிப்போர்ட் போடுது, அதைத் தேடி எடுங்க. ஸ்டார் (STAAR)ங்கற ஸ்டேட் டெஸ்ட்டோட ரிசல்ட் அதுல குரூப் குரூப்பா பிரிச்சிருக்கும். 'அப்ரோச்சஸ்' சதவீதத்தைப் பாத்து மயங்காதீங்க, அது பாஸ் அவ்ளோதான், கிரேடு லெவல்ல இருக்காங்களான்னு தெரியணும்னா 'மீட்ஸ்' பாக்கணும். அதைவிட முக்கியம் குரோத், போன வருஷத்துலேந்து பசங்க எவ்ளோ முன்னேறினாங்கங்கறது. ஸ்கூலுக்கு மார்க் போடணும்னா நான் அதுக்குத்தான் போடுவேன்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்றதில்ல: எட்டாவதுலயே ஹைஸ்கூல் கணக்கான அல்ஜீப்ரா 1 எடுக்கற பசங்க எட்டாவது கணக்கு ஸ்டார் எழுத மாட்டாங்க, அல்ஜீப்ரா எக்ஸாம்தான் எழுதுவாங்க. அதனால நல்லா கணக்கு போடற பசங்க அந்த லிஸ்ட்லயே இல்லாம போயி எட்டாவது கணக்கு ரிசல்ட் மட்டும் படு மோசமா தெரியும். ரெண்டையும் சேத்துப் பாருங்க, எத்தனை பேரு அல்ஜீப்ரா எழுதியிருக்காங்கன்னும் பாருங்க, உங்க பொண்ணுக்கு வேணுங்கறது அந்த நம்பர்தான்.

சின்ன குரூப்னா ரிசல்ட்டை மறைச்சிருப்பாங்க, பத்து இருபது பேரு இருக்கற குரூப்ல ரெண்டு பேரு மாறினாலே சதவீதம் எகிறிடும், ஒரு வருஷத்தை நம்பாம மூணு வருஷம் பாருங்க. மொபிலிட்டி ரேட்டும் இருக்கும், வருஷத்து நடுவுல வந்து போற பசங்க எவ்ளோன்னு.

அப்புறம் ஸ்கூல் கவுன்சலருக்கு ஒரு போன் போட்டு, அஞ்சாவது கணக்கு ஸ்கோரை வச்சு ஆறாவதுல அட்வான்ஸ்டு கணக்குல தானாவே சேக்கறாங்களான்னு கேளுங்க, 2023ல அதுக்கு ஸ்டேட் சட்டமே வந்துடுச்சு.