பரவாயில்லை என்று சொல்லாதீர்கள்

ஐயா, வணக்கம். எனக்கு வயது 51. இடது மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்துவிட்டு இப்போது கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கிறார்கள். மொத்தம் 15 நாள், இன்னும் நாலு நாள் பாக்கி. மார்புக்கு அடியில் தோல் கறுத்து எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? பேரனைத் தொட்டால் அவன் மேல் கதிர் பாயும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. கேட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

வாசகி, கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

வீடு மாறுகிறோம். பரணிலிருந்து இறக்கிய மூட்டைக்குள் என் அக்காவின் 2009-ம் வருட ஆஸ்பத்திரிக் கோப்பு இருந்தது. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுங்கள். மெஷினை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும், உங்கள் உடம்பில் எதுவும் தங்காது. பக்கத்து வீட்டுப் பேச்சுக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம். எண்ணெயோ வேறெதுவோ நீங்களாகத் தடவாதீர்கள், அங்கேயே களிம்பு எழுதித் தருவார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கலாம். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கூச்சம்! ஆபரேஷன் மேசையில் படுத்து எழுந்தவர் நீங்கள். தினமும் மெஷினுக்கு அடியில் மார்பைத் திறந்துகொண்டு படுக்கிறீர்கள். டாக்டர் கேட்கும்போது மட்டும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டால் யாருக்கு என்ன லாபம்?

அக்காவுக்கும் இதே சிகிச்சைதான், 25 நாள். அப்போது 50 கிரே (கிரே என்பது கதிரின் அளவு) கதிரை ஐந்து வாரமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது பலருக்கு 40 கிரேயை மூன்று வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். நான்தான் பஸ்ஸில் கூடப் போவேன். கதிர் பட வேண்டிய இடத்துக்கு அடையாளமாக மார்பில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். அது அழிந்துவிடக் கூடாதே என்பதுதான் அவளுக்கு முழுநேரக் கவலை. செவ்வாய்க்கிழமைதோறும் டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல், "எப்படிம்மா இருக்கு?" என்பார். "பரவாயில்லைங்க" என்பாள். கோப்பில் ஐந்து வாரமும் ஒரே வரி: தொந்தரவு எதுவும் சொல்லவில்லை. ஜாக்கெட்டை விலக்கிப் பார்க்காத அந்த டாக்டர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. பக்கத்தில் நின்று தலையாட்டிய என் மேலும்.

சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள் ராத்திரி அம்மா சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். மார்புக்கு அடியில் புண்ணோடு ஜாக்கெட் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் நனைத்து நனைத்து வைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிரித்தெடுத்தாள். வெளியே கொண்டுவந்த துணியில் வெங்காயச் சருகு போலத் தோல் ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது: "பரவாயில்லம்மா, விடு."

முடிந்த பிறகு ஏன் இப்படி ஆகிறது தெரியுமா? கதிர், தோலுக்கு அடியில் புதுத்தோலை உண்டாக்கும் செல்களைத் தாக்குகிறது. மேலிருக்கும் பழைய தோல் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். அது உதிரும்போது கீழேயிருந்து வரவேண்டிய தோல் வந்திருக்காது. அதனால் கடைசி நாளுக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் எரிச்சல் கூடிக்கொண்டே போகும். அப்புறம்தான் ஆறத் தொடங்கும். அசதியும் அப்படித்தான், உடனே போய்விடாது. உங்களுக்கு இன்னும் நாலு நாள்தான். அந்த வாரங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டாமா?

அக்காவுக்கு இப்போது 68 வயது, நன்றாக இருக்கிறாள். கோப்பைக் காட்டி, ஏன் சொல்லவில்லை என்று போன வாரம்தான் கேட்டேன். கூச்சம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். "புண்ணுன்னு சொன்னா கரண்ட் வைக்கிறத நிறுத்திடுவாங்களோன்னு பயந்தேன்டா. பாதியில நின்னா திரும்ப வந்துடுமே" என்றாள். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

உங்களுக்கும் அந்தப் பயம்தானா அம்மா? அப்படியென்றால் அதையும் வாய்விட்டே கேளுங்கள். இந்தத் தோல் புண் அவர்கள் தினமும் பார்ப்பதுதான். களிம்பு தருவார்கள், கட்டு போடுவார்கள். அதற்காகச் சிகிச்சையைக் கைவிட மாட்டார்கள்.

நாளைக்குப் போகும்போது முன்பக்கம் ஊக்கு வைத்த தளர்வான பருத்தி ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். பெண் நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்றால் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. டாக்டர் எப்படி இருக்கிறது என்றதும் பேசாமல் ஊக்கைக் கழற்றிக் காட்டுங்கள். காட்டிவிட்டு, ராத்திரிக்குள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.