ஆட்டோபைலட் படகைத் திருப்பிவிட்டது: பணம் திரும்பக் கிடைக்குமா, அறுந்த வலைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: வக்கீல் சார், எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம். மும்பை மால்வணியில் குடும்பத்தோடு இருக்கிறேன். மட் பக்கம் சொந்தமாக ஒரு சின்ன விசைப்படகு வைத்து, நானும் தம்பியும் ஒரு கூலியாளும் தொழிலுக்குப் போகிறோம். போன ஜூலையில், தடைக்காலத்தில் படகு கரையில் கிடந்தபோது, கொச்சியில் இருக்கும் ஒரு கடையில் ஆட்டோபைலட் (படகைத் தானே திசை பிடித்து ஓட்டும் கருவி) வாங்கினேன். அவர்களே ஆள் அனுப்பி மாட்டினார்கள். மொத்தம் 2,60,000 ரூபாய். 2 லட்சம் ஜிபேயில் அனுப்பினேன், மீதியைக் கையில் கொடுத்தேன். துண்டுச்சீட்டுதான் தந்தார்கள். ஆகஸ்டில் கடலுக்குப் போன முதல் நாளே படகு நேராக ஓடவில்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிறது. வயர்லெஸ்ஸில் பேச பட்டனை அழுத்தினால் சில நேரம் தானாகவே ஒரு பக்கம் திரும்பிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் பல தடவை சொல்லியும் 'ஆள் வருவான்' என்றார்களே தவிர யாரும் வரவில்லை. அக்டோபரில் இங்குள்ள எலக்ட்ரீஷியனை வைத்து ஒயரை மாற்றிப் பார்த்தேன், சரியாகவில்லை. நவம்பரில் ஒரு நாள் விடியற்காலை கரைக்குத் திரும்பும்போது படகு சட்டென்று திரும்பி, வெர்சோவாக்காரர் ஒருவர் விட்டிருந்த வழிவலைமேல் (கடலில் மிதக்க விடும் வலை) ஏறிவிட்டது. அவர் 1,80,000 ரூபாய் கேட்கிறார், இல்லையென்றால் போலீசுக்குப் போவேன் என்கிறார். கடைக்காரரோ, 'வெளியாள் கை வைத்ததால் வாரண்டி போச்சு. கேஸ் போடுவதென்றால் கொச்சியில் போடு. மீன்பிடிப்பது வியாபாரம், நீ நுகர்வோரே கிடையாது' என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. கடைக்காரர் உங்களுக்குத் தர வேண்டியது ஒன்று, வலைக்காரருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் இரண்டிலும் தோற்பீர்கள். முதல் வழக்கில் உங்களைக் காப்பாற்றுவது, 'என் படகை நானே ஓட்டுகிறேன்' என்ற உண்மை. இரண்டாவதில் உங்கள்மேல் பொறுப்பைச் சுமத்துவதும் அதே உண்மைதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தக் கருவியில் இனி யாரும் கை வைக்கக் கூடாது. கடைக்காரரின் ஆள் இப்போது வந்தாலும், நீங்கள் பதிவு செய்து முடிக்கும்வரை திறக்க விடாதீர்கள். இந்த மாதிரி வழக்குகளில் சட்டத்தைவிட அதிகம் பேசுவது ஒயரும் போல்ட்டும்தான்.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிதாகப் பட்டது, படகு கரையில் கிடந்தபோது மாட்டினார்கள் என்பது. ஆட்டோபைலட்டின் மின்னணு காம்பஸை மாட்டியதும், அமைதியான தண்ணீரில் படகை மெதுவாக வட்டமடிக்க வைத்து, படகில் உள்ள இரும்பால் வரும் பிழையை அது தானே கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும்படி செய்ய வேண்டும். அப்புறம் கடலில் ஓட்டிப் பார்த்து, சுக்கான் எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் திரும்ப வேண்டும் என்பதைப் படகுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். இதெல்லாம் கரையில் நடக்காது. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை தடைக்காலம் என்பது கடைக்காரருக்குத் தெரியாததல்ல. தடை முடிந்ததும் வந்து வேலையை முடித்துத் தந்திருக்க வேண்டும். கருவியோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். கடலில் ஓட்டிச் சரிபார்க்கும் முறை அதில் இருக்கும். குறித்துக் கையெழுத்திடும் படிவம் அதில் இருந்து, அது வெறுமையாகக் கிடந்தால், அந்த ஒரு தாளே உங்களுக்குப் பெரிய சாட்சி. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் 'சேவைக் குறைபாடு' என்பது இதுதான். கருவியே நல்ல கருவியாக இருந்தாலும், பாதி வேலையில் விட்டுப்போனதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

வயர்லெஸ் பட்டனை அழுத்தினால் படகு திரும்புகிறது என்றீர்களே, அதை வீடியோ எடுங்கள். துறைக்குள், பக்கத்தில் வேறு படகு இல்லாத இடத்தில், தம்பி பட்டனை அழுத்துவதும் சுக்கான் அசைவதும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். ஆண்டெனா ஒயரும் ஆட்டோபைலட் ஒயரும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால் இப்படி ஆகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். பிறகு காம்பஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இன்ஜின், ஸ்பீக்கர், பேட்டரி, கனமான ஒயர் இவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். டேப்பை வைத்து அளந்து, அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள். சுக்கானைத் திருப்பும் பம்ப் ஓடும்போது அதன் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மீட்டர் வைத்துக் குறியுங்கள். ஒயர் மெல்லியதாக இருந்தால் பேட்டரியில் இருக்கும் வோல்ட் பம்புக்குப் போய்ச் சேராது. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்றால், ஆயில் லைனில் காற்று தங்கியிருக்கிறதா, சுக்கான் நிலையைக் கருவிக்குச் சொல்லும் சென்சார் நடுவில் சரியாக நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ்ஸில் உங்கள் படகு போன தடம் பதிவாகியிருந்தால் உடனே மெமரி கார்டில் ஏற்றிவையுங்கள். நவம்பர் சம்பவத்தன்று ஓடிய தடம் அழிந்துவிடக் கூடாது.

இதையெல்லாம் நீங்களே பார்ப்பதோடு விடாமல், படகுக் கருவிகள் தெரிந்த ஒரு டெக்னீஷியனையோ மரைன் சர்வேயரையோ அழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கடைக்காரருக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, 'இன்ன தேதியில் பரிசோதனை, வந்து பாருங்கள்' என்று சொல்லிவிடுங்கள். வராவிட்டால் அது அவருடைய பாடு. சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி, தேவைப்பட்டால் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஆனால் ஒயர் போட்ட விதத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாது. அதனால்தான் படகிலேயே வைத்துப் பார்க்கும் அறிக்கை வேண்டும் என்கிறேன்.

எலக்ட்ரீஷியன் கை வைத்தது உங்களுக்குப் பாதகம்தான், மறைக்க வேண்டாம். பொருளை மாற்றியமைத்த நிலையில் பாதிப்பு ஏற்பட்டால், விற்றவர்மேல் 'பொருள் பொறுப்பு' வழக்கு, அதாவது கோளாறான பொருளால் வந்த பாதிப்புக்கு ஈடு கேட்கும் வழக்கு, தொடர முடியாது என்று 87ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தேதிகளைப் பாருங்கள். ஆகஸ்டிலேயே புகார் சொல்லிவிட்டீர்கள், எலக்ட்ரீஷியன் வந்தது அக்டோபரில். கோளாறு முதலில், கை வைத்தது பிறகு. அந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், குரல் பதிவுகளோடு சேர்த்து வேறு இடத்திலும் ஏற்றிவையுங்கள். தமிழில் பேசியதை எழுத்தாக்கி, மொழிபெயர்ப்போடு இணைக்க வேண்டும். மின்னணுச் சாட்சிக்கான சான்றிதழை, 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்‌ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவுப்படி உங்கள் வக்கீல் தயாரித்துத் தருவார். எலக்ட்ரீஷியனிடமும், எந்த ஒயரை மாற்றினார், எதைத் தொடவே இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

என் அபிப்பிராயத்தில் 'பொருள் பொறுப்பு' அத்தியாயத்தை நம்பி வழக்கைக் கட்ட வேண்டாம். அதில் 'பாதிப்பு' என்ற சொல்லுக்குள் வருமான இழப்பு வராது, கருவிக்கே வந்த கேடும் வராது. சேவைக் குறைபாடு என்ற வழி உங்களுக்கு நேரானது. 39ஆம் பிரிவின் கீழ் கோளாறை நீக்கித் தரச் சொல்லலாம், பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம், கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு ஈடும் வழக்குச் செலவும் கேட்கலாம். பில் தராமல் துண்டுச்சீட்டு கொடுத்தது தனியாக ஒரு முறையற்ற வணிகச் செயல். அதையும் புகாரில் எழுதுங்கள். கையில் கொடுத்த 60,000 ரூபாய்க்கு அந்தச் சீட்டும் செய்திகளும்தான் ஆதாரம், பத்திரமாக வையுங்கள். கருவி வந்த அட்டைப்பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருக்கும். அவரையும் எதிர்தரப்பில் சேர்த்துவிட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்ப முடியாது.

சரி, நீங்கள் நுகர்வோரா? கடைக்காரர் மிரட்டுவது இந்த இடத்தில்தான், அவர் பலவீனமாக இருப்பதும் இதே இடத்தில்தான். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று சட்டத்தின் 2(7) பிரிவு சொல்வது உண்மை. அதே பிரிவின் விளக்கம், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்கிறது. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர், வாங்கி வேறொருவரை வைத்து ஓட்டுகிறவர் அல்ல. ஓட்டுவதற்கு ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போய்விடாது. தம்பியும் ஒரு கூலியாளும் என்ற உங்கள் நிலை இதற்குள் வருகிறது. நீங்கள் கரையில் இருந்துகொண்டு, சம்பளத்துக்கு ஸ்ராங்க் (படகை ஓட்டும் தலைவர்) வைத்துப் படகை அனுப்புகிறவராக இருந்தால் என் பதில் வேறாக இருக்கும். படகுப் பதிவு, மீன்பிடி உரிமம், சங்க உறுப்பினர் அட்டை இவற்றோடு, 'என் குடும்பப் பிழைப்புக்காக நானே ஓட்டும் படகு' என்ற வாக்கியத்தைப் புகார் மனுவிலேயே எழுத வேண்டும். பலர் இதை எழுதாமல் விட்டு, பிறகு வாதத்தில் சொல்லிப் பார்த்துத் தோற்கிறார்கள்.

கொச்சிக்குப் போக வேண்டியதில்லை. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 34ஆம் பிரிவு சொல்கிறது. சீட்டில் 'கொச்சி நீதிமன்றம் மட்டும்' என்று அச்சடித்திருந்தாலும் அது இந்த உரிமையைப் பறிக்காது. மால்வணி என்பதால் மும்பை புறநகர் மாவட்ட ஆணையம், பாந்த்ரா கிழக்கு. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். கடலுக்குப் போகிறவர் என்பதால் காணொளி விசாரணை வேண்டும் என்றும் மனுக் கொடுக்கலாம். சட்டம் மூன்று மாதம், பரிசோதனை இருந்தால் ஐந்து மாதம் என்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். காலக்கெடு 2 ஆண்டு. கோளாறு தெரிந்த ஆகஸ்டிலிருந்து எண்ணுங்கள். 'ஆள் வருவான்' என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு தள்ளிப்போகாது. வக்கீல் நோட்டீஸ் கட்டாயம் இல்லை என்றாலும் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒன்று அனுப்புங்கள். இந்த அளவுத் தொகைக்குப் பல கடைக்காரர்கள் நோட்டீஸிலேயே பேச வந்துவிடுவார்கள்.

இனி வலை. இங்கே நான் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்ல முடியாது. ஆட்டோபைலட் ஓடிக்கொண்டிருந்தது என்பது வலைக்காரரிடம் சொல்லும் பதில் ஆகாது. 1972ஆம் ஆண்டு சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5ஆம் விதி, எந்தக் கப்பலும் படகும் எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும் கண்காணிப்பு வைத்திருக்க வேண்டும் என்கிறது. கருவி இருந்தால் தளர்வு என்று அதில் எங்கும் இல்லை. 18ஆம் விதிப்படி, ஓடிக்கொண்டிருக்கும் விசைப்படகு மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு ஒதுங்கிப் போக வேண்டும். நீங்கள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள், அவர் வலை விட்டிருந்தார். கோளாறான கருவி என்று உங்களுக்கு ஆகஸ்டிலிருந்தே தெரியும் என்பதும் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும்.

ஆனால் அவர் கேட்கும் தொகை முழுவதும் நீங்கள் தர வேண்டியது என்றும் இல்லை. 26ஆம் விதிப்படி, வலைவிட்டு மீன்பிடிக்கும் படகு இரவில் சிவப்பு விளக்கும் அதன்கீழ் வெள்ளை விளக்கும் எரிய வைக்க வேண்டும். வலை படகிலிருந்து 150 மீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் அந்தத் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கும் காட்ட வேண்டும். அன்றைக்கு அந்த விளக்குகள் இருந்தனவா? நீங்கள், தம்பி, கூலியாள் மூவரும் பார்த்ததைப் பார்த்தபடி இன்றே எழுதிவையுங்கள். ஸ்டீயரிங் சக்கரத்தின் அருகில் யார் இருந்தார் என்பதையும் உள்ளபடி எழுதுங்கள். விளக்கு இல்லையென்றால் தவறில் அவருக்கும் பங்கு உண்டு. வலை எத்தனை வருடப் பழசு, எத்தனை துண்டு கிழிந்தது, எவ்வளவு தைத்து மீட்கலாம் என்பதையும் அறுந்த வலையை நேரில் பார்த்துக் கணக்கிட வேண்டும். புது வலை விலை கேட்க அவருக்கு உரிமையில்லை.

போலீஸ் மிரட்டலுக்குப் பதற வேண்டாம். சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றத்துக்கு, குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 324ஆம் பிரிவின்படி உள்நோக்கமோ, நஷ்டம் வரும் என்ற அறிவோ வேண்டும். வெறும் கவனக்குறைவு போதாது. 282ஆம் பிரிவு, பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரும்படி படகைக் கவனக்குறைவாக ஓட்டுவது பற்றியது. அன்று வலைப்படகில் ஆட்கள் பக்கத்தில் இருந்தார்களா என்பதைப் பொறுத்து அது பேசப்படலாம். அதனால்தான் இதைப் பேசி முடிப்பது நல்லது என்கிறேன். அங்குள்ள மச்சிமார் (மீனவர்) சங்கத்தின் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். மொழிக்கு ஒரு கோலி (மும்பை மீனவச் சமூகம்) நண்பரைக் கூட்டிப் போங்கள். தொகை முடிவானால், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எழுதி, பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். படகுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால், பேசுவதற்கு முன்பே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கேட்காமல் ஒப்புக்கொண்டால் அவர்கள் கையை விரித்துவிடுவார்கள். வலைக்காரருக்குக் கொடுத்த தொகையை, கோளாறால் வந்த நஷ்டமாகக் கடைக்காரரிடம் நுகர்வோர் வழக்கில் கேட்கலாம். ஆணையம் உங்கள் கண்காணிப்புக் குறையைக் கணக்கில் எடுத்து ஒரு பகுதியைக் கழிக்க வாய்ப்புண்டு.

வழக்கு முடியும்வரை ஆட்டோபைலட்டுக்குப் போகும் கரண்டை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையில் பிடித்தே ஓட்டுங்கள். வீடியோ எடுக்கவும் டெக்னீஷியன் பார்க்கவும் மட்டும் துறைக்குள் போட்டால் போதும். கோளாறு என்று நீங்களே எழுதிக் கொடுத்த கருவியை நம்பிக் கடலில் ஓட்டி இன்னொரு வலையோ, ஓர் ஆளோ சிக்கினால், கடைக்காரர்மேல் பழி போட எந்த ஆணையமும் உங்களை அனுமதிக்காது.