குறட்டைக்கு லேசர்: சத்தம் குறைந்தால் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஐந்தாறு வருடமாகக் குறட்டை. இப்போது பக்கத்து அறையில் படுக்கும் மாமியாருக்கும் தூக்கமில்லை. சில நேரம் சத்தம் சட்டென்று நின்றுபோகும். அப்புறம் மூச்சைப் பலமாக இழுத்துக்கொண்டு திரும்பத் தொடங்குவார். பகலில் பில் போடும்போதே கண் சொக்குகிறது என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காட்டில் உள்ள அண்ணன் காபித் தோட்டத்துக்கு அவரே கார் ஓட்டிப் போவார். கத்தி இல்லாமல், ரத்தம் இல்லாமல் லேசரில் குறட்டையை நிறுத்திவிடலாம் என்கிறார்களே, செய்துகொள்ளலாமா?
- வாசகி, சேலம்

பதில்: லேசர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் சத்தம் நின்று, பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்குகிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. கூடவே பகல் தூக்கம். இரண்டும் சேர்ந்தால் வெறும் குறட்டை என்று விட முடியாது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் 'ஸ்லீப் ஆப்னியா' இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

பார்ப்பது சிரமமில்லை. ஒரு ராத்திரி அவர் வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம். மூக்கடியில் ஒரு சின்னக் குழாய், மார்பைச் சுற்றி ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப். குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு எத்தனை முறை நடக்கிறது என்று கருவி பதிவு செய்யும். 5-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம். லேசர் வேண்டுமா வேண்டாமா என்பதை இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

சரி, லேசருக்கு வருவோம். வாயின் மேற்கூரையான அண்ணத்தின் பின்பகுதியில் எலும்பு கிடையாது. வெறும் தசையும் சவ்வும்தான். அதன் நுனியில் உள்நாக்கு தொங்குகிறது. தூங்கும்போது தசை தளர்ந்துவிடுவதால், உள்ளே போகும் காற்றில் இந்தப் பகுதி காயப்போட்ட வேட்டி போலப் படபடக்கும். பலருக்குக் குறட்டைச் சத்தம் இங்கிருந்துதான் வருகிறது.

இப்போது பேசப்படும் முறையில் பெரும்பாலும் 2940 நானோமீட்டர் அலைநீளமுள்ள எர்பியம் யாக் லேசரைப் பயன்படுத்துகிறார்கள். திசுவில் உள்ள நீர் இந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகும். வெட்டும் அளவுக்குப் போகாமல், சூட்டோடு நிறுத்தும்படி லேசரின் ஒளித் துடிப்புகளை அமைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில், திசுவுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் சுருங்கும். அடுத்த சில வாரங்களில் புதிய கொலாஜனும் உருவாகித் தொளதொளப்பு குறையும். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, வாயைத் திறந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தொண்டையில் கதகதப்பு தெரியும். குமட்டல் அதிகமுள்ளவர்கள் கொஞ்சம் திணறுவார்கள். ஓரிரு நாள் தொண்டை வறட்டும். ஒன்றரை மாதத்துக்குள் மூன்று அமர்வுகள் என்பதுதான் வழக்கம்.

சத்தம் ஓரளவு குறைந்தது என்று சொல்பவர்கள் நிறைய. முழுசாக நின்றது என்பவர்கள் குறைவு. பலன் நிரந்தரமும் இல்லை. ஒரு வருடத்தை ஒட்டித் திரும்ப ஒரு அமர்வு தேவைப்படலாம். இதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சில மாதங்களே பின்தொடர்ந்தவை. மூக்குத் தண்டு வளைவாலோ, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிவதாலோ குறட்டை வந்தால், அண்ணத்தில் எத்தனை லேசர் அடித்தாலும் காசுதான் கரையும். மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்காமல் நேரே லேசர் நாற்காலியில் உட்காரவைக்கும் இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

இதைப் பழைய லேசர் அறுவையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1990-ஐ ஒட்டி பிரான்சின் டாக்டர் காமாமி கார்பன் டை ஆக்சைடு லேசரால் உள்நாக்கையும் அண்ணத்தின் ஓரத்தையும் வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். நல்ல வலி. தழும்பு இறுகிச் சிலருக்கு மூச்சடைப்பு கூடியதும் உண்டு. ஆப்னியாவுக்கு அதைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியே சொல்லிவிட்டது.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை இது. எண் 5-க்குக் கீழே வந்து, சத்தம் அண்ணத்திலிருந்துதான் என்று தெரிந்தால், லேசர் செய்து பார்க்கலாம், அவசரமில்லை. 15-க்கு மேல் வந்தால் லேசரை மறந்துவிடுங்கள். காற்றழுத்தக் கருவியான சிபேப்தான் முதல் வைத்தியம். அந்த நிலையில் லேசர் செய்தால் சத்தம் அடங்கிவிடும், மூச்சு நிற்பது தொடரும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ரத்த அழுத்தமும் இதயமும்தான் அடி வாங்கும். இடைப்பட்ட எண் என்றால் எடை, மூக்கு, தாடை எல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அதுவரை பக்கவாட்டில் படுக்கச் சொல்லுங்கள். ராத்திரி மது பழக்கம் இருந்தால் நிறுத்தட்டும், தொண்டைத் தசையை அது இன்னும் தளர்த்தும். எடை கூடியிருந்தால் குறைக்கப் பார்க்கட்டும். சாயங்காலத் தட்டுவடை செட்டைப் பறிக்கச் சொல்லும் அளவுக்கு நான் கொடுமைக்காரன் இல்லை. ஆனால் காரில் மட்டும் கறாராக இருங்கள். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பில் போடும்போதே கண் சொக்குகிறவர் அங்கே ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது. பரிசோதனை முடிவு வந்து, பகல் தூக்கம் தீரும்வரை வேறு யாராவது ஓட்டட்டும், இல்லையென்றால் பஸ்ஸில் போகட்டும்.

டாக்டரிடம் போகும்போது, அவர் தூங்குவதை செல்போனில் சில நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டருக்கும் உதவும், "நானாவது, குறட்டையாவது" என்று சாதிக்கும் கணவருக்கும் உதவும்.