வாட்டர்ஃபாலில் கோடுகள் இருக்கின்றன, எழுத்து மட்டும் வரவில்லை

வணக்கம் நண்பரே. வாட்டர்ஃபாலில், அதாவது ரிசீவரில் வரும் சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரையில், 14.074 மெகாஹெர்ட்ஸில் 15 நொடிக்கு ஒருமுறை ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிற்கும் ஒல்லிக் கோடுகள் தெரிகின்றன, எழுத்து மட்டும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சந்தேகமே இல்லாமல் எஃப்டி8, அமெச்சூர் வானொலிக்காரர்கள் குறுஞ்செய்திகளைத் தொனிகளாக அனுப்பும் டிஜிட்டல் முறை. எட்டு தொனிகள், ஒன்றுக்கொன்று 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளி, மொத்த அகலம் 50 ஹெர்ட்ஸ். அனுப்புதல் 12.64 நொடி நீடிக்கும். மீதி நேரம் பிரித்துப் படிக்க.

கோடு பளிச்சென்று தெரிந்தும், அதைப் பிரித்துப் படிக்கும் மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் ஒரு வரிகூடக் காட்டவில்லை என்றால், முதலில் கணினிக் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். இரண்டு மூன்று நொடி பிசகினாலே போதும், திரை காலியாகவே கிடக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரிசெய்தால் பத்தாது. இணைய நேரச் சேவையகத்தோடு ஒத்திசையுங்கள். வரிகள் வரத் தொடங்கியதும் 'டிடி' (நேர வித்தியாசம், நொடியில்) என்ற பத்தியைக் கவனியுங்கள். எல்லா நிலையங்களுக்கும் ஒரே மாதிரி 1.2, 1.3 என்று காட்டினால் பிசகு அவர்களிடம் இல்லை, உங்கள் கடிகாரத்தில்தான்.

நேரம் சரியாக இருந்தும் வரவில்லையா? ரிசீவர் யூஎஸ்பி முறையில் இருக்க வேண்டும், அதாவது மேல் பக்கப்பட்டை. எல்எஸ்பி-யில் (கீழ் பக்கப்பட்டை) வைத்தால் தொனிகள் தலைகீழாகிவிடும், கோடுகள் என்னவோ அப்படியேதான் தெரியும். இரைச்சல் குறைப்பு வசதியை அணைத்துவிடுங்கள். மென்பொருளின் அளவுமானியில் ஒலி அளவு, வெறும் இரைச்சலுக்கு 30 டெசிபல் பக்கம் நிற்கட்டும்.

அப்புறம், 14.080-இல் 7.5 நொடிச் சுற்றில் ஓடுவது எஃப்டி4, இதேபோன்ற இன்னொரு முறை. அதற்கு மென்பொருளில் முறையை மாற்ற வேண்டும்.